பாக்கெட் டிஜிட்டல் டைரிக்குப் பதிலாகக் குட்டி லேப்டாப்: யார் மாறலாம், எப்படி மாறுவது? முழுமையான வழிகாட்டி

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்த பொருட்களில் கேசியோ டிஜிட்டல் டைரிக்குத் தனி மதிப்பு இருந்தது. சட்டைப் பையில் அடங்கும். மூடியைத் திறந்தால் பெயர், போன் நம்பர், நாள் குறிப்பு, கால்குலேட்டர் எல்லாம் கையில். பிறகு பேனாவால் எழுதும் பாம் (Palm) கருவிகள் வந்தன. இவற்றை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. பல வருடத் தொடர்புகள் அதற்குள் இருக்கும்போது எளிதில் ஒதுக்கிவைக்க முடியாது.

ஆனால் கருவிக்கு வயதாகிறது. பட்டன் அழுந்த மறுக்கிறது, திரையில் கோடு விழுகிறது. மாற்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது போன். குறிப்பைப் பார்க்கப் போய் வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் போய்விடுகிறது என்பவர்களும், சின்னத் திரையில் கணக்கு எழுதக் கஷ்டப்படுகிறவர்களும் அடுத்ததாகப் பார்ப்பது ஏழெட்டு அங்குலத் திரை கொண்ட குட்டி லேப்டாப்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குக் குட்டி லேப்டாப் டைரியின் இடத்தைப் பிடிக்கும், பல விஷயங்களில் அதைவிட நன்றாகவே செய்யும். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வேலை செய்கிறவருக்கு அந்த இடத்தை அது பிடிக்காது, எவ்வளவு பணம் போட்டாலும். நீங்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதும், மாறுவதானால் ஒரு நம்பர்கூடத் தொலையாமல் மாறுவதும்தான் கீழே வரும் படிகள்.

படி 1: டைரி உங்களுக்கு என்ன வேலை செய்கிறது?

ஒரு வாரம் டைரியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். நான்கு வகைதான் வரும்: எதையோ தேடிப் பார்த்தேன், எதையோ சட்டென்று குறித்தேன், அலாரம் அடித்ததால் எடுத்தேன், உட்கார்ந்து நீளமாக எழுதினேன். எடுத்தபோது நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

தோவாளைப் பூச்சந்தை விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். பிச்சிக்கு என்ன விலை, யாருக்கு எத்தனை கிலோ அனுப்ப வேண்டும் என்று நின்ற நிலையில் பார்க்கிறவருக்கு இருப்பது ஒரு கைதான், இன்னொன்றில் பூக்கூடை. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் வாங்குகிறவர் தராசுக்குப் பக்கத்திலேயே எடையைக் குறிக்க வேண்டும். சின்னமுட்டத்தில் படகு கரைக்கு வந்ததும் ஏலம் தொடங்கிவிடும், மடியில் லேப்டாப்பை விரிக்க இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. தக்கலையில் பத்திரம் எழுதுகிறவர், நாகர்கோவிலில் வீட்டு மனைக்கு எஸ்டிமேட் போடும் கான்ட்ராக்டர், சபைக் கணக்கு எழுதும் பொருளாளர், வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சர் ஆகியோரின் தாளோ வேறு மாதிரி இருக்கும். அவர்கள் பெரும்பாலும் மேசைக்கு முன்னால்தான் டைரியைத் திறக்கிறார்கள்.

பாம் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதைத் தயாரிப்பதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கூட்டங்களில் அந்தக் கட்டையை எடுத்து, எழுதுவதுபோலப் பாவனை செய்து, எது உண்மையில் தேவை என்று சோதித்தார். 1996இல் வந்த பாம் பைலட் ஏறக்குறைய 160 கிராம் எடை, 160க்கு 160 புள்ளித் திரை, இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி. திறன் குறைந்த கருவிதான், ஆனால் பையிலிருந்து எடுத்தவுடன் பதில் சொன்னது. அவர் கட்டையை வைத்துச் செய்த சோதனையைத்தான் நீங்கள் தாளை வைத்துச் செய்கிறீர்கள்.

படி 2: எந்த வகைக் கருவி என்று தெரிந்துகொள்ளுங்கள்

கையடக்கக் கம்ப்யூட்டர் நேற்று வந்த யோசனை இல்லை. தோஷிபா லிப்ரெட்டோ 1996இலேயே வந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் ‘ஓரிகாமி’ என்ற பெயரில் முன்வைத்த திட்டத்தில் சாம்சங் கியூ1 போன்றவை வந்தன. 2007இல் வந்த ஆசஸ் ஈ பிசி ஏழு அங்குலத் திரையும் 920 கிராம் எடையுமாக நெட்புக் எனப்பட்ட மலிவான குட்டி லேப்டாப் அலையைத் தொடங்கிவைத்தது. 2017இல் ஜிபிடி பாக்கெட் அதே ஏழு அங்குலத்தை ஏறக்குறைய 480 கிராமுக்குக் கொண்டுவந்தது. இன்று புதிதாக வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையின் வழிவந்தவை.

எடை பாதியாகியும் டைரியின் இடம் ஏன் முழுதாகக் கிடைக்கவில்லை? இவை எல்லாம் மேசைக் கம்ப்யூட்டருக்காக எழுதிய மென்பொருளைச் சுருக்கிய உடலில் ஓட்டுகின்றன. 1997இல் வந்த சயான் சீரிஸ் 5 கருவியில் நல்ல கீபோர்டு இருந்தது, இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடியது, திறந்த கணத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதன் மென்பொருளே அந்த உடலுக்காக எழுதப்பட்டது. நம் நாட்டிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழக அறிஞர்கள் பங்கெடுத்த சிம்ப்யூட்டர், 2004இல் அமிடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்திய மொழிக்காரர்களை மனத்தில் வைத்து உருவான கையடக்கக் கருவி அது. அது நிலைத்திருந்தால் இன்று இந்த வழிகாட்டிக்கே தேவை இருந்திருக்காது என்று இப்போதும் வருந்துகிறேன்.

படி 3: பையிலிருந்து பதில் வரை எவ்வளவு நேரம்?

இதுதான் முக்கியமான சோதனை. நண்பரிடமோ கடையிலோ ஒரு குட்டி லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். பையில் மூடியிருக்கும் கருவியை எடுத்து, திறந்து, பாஸ்வேர்டு போட்டு, தொடர்புகளைத் திறந்து, ஒரு பெயரைத் தேடி, நம்பர் கண்ணில் படும்வரை எத்தனை நொடி என்று இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அதே நம்பரை உங்கள் டைரியில் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் மனத்தை உறுத்தினால், ஒவ்வொரு நாளும் உறுத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் கருவியில் இந்த நேரத்தை ஓரளவு குறைக்கலாம். ஸ்லீப் (தூங்கும்) நிலையில் சட்டென்று விழிக்கும், ஆனால் பையில் இருக்கும்போதும் பேட்டரி கரையும். சில கருவிகள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகிவிடுவதும் உண்டு. வேலையை வட்டில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் நிலையில் பேட்டரி கிட்டத்தட்ட குறையாது, ஆனால் விழிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதிக்குப் போய், மூடியை மூடினால் ஸ்லீப், பவர் பட்டனை அழுத்தினால் ஹைபர்னேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவில் மூடியை மூடினால் போதும், நாள் முடிந்து பையில் வைக்கும்போது பட்டனை அழுத்துங்கள்.

அலாரத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பாம் தூங்கினாலும் குறித்த நேரத்தில் தானே விழித்து ஒலிக்கும். விண்டோஸின் கடிகாரச் செயலியோ, கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் அலாரம் அடிக்கும் என்று தானே எச்சரிக்கிறது. ஹைபர்னேட்டில் இருந்தால் உங்கள் காலை நேரச் சந்திப்பு சத்தமில்லாமல் கடந்துபோகும். ஆகவே அலாரத்தை லேப்டாப்பிடம் ஒப்படைக்காதீர்கள். சாதாரண பட்டன் போனிடமோ கைக்கடிகாரத்திடமோ கொடுங்கள். படி 1இல் எழுதிய தாளில் அலாரம்தான் அதிகம் என்றால் குட்டி லேப்டாப் உங்களுக்கு வேண்டாம், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 4: நம் ஊர்க் காற்றையும் மழையையும் கணக்கில் எடுங்கள்

குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் நனைந்த பை அக்டோபரில் மறுபடி நனையும். அதோடு குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக் காற்று. உள்ளே மின்விசிறி வைத்த லேப்டாப் அந்தக் காற்றை உள்ளிழுத்துத்தான் குளிர்கிறது. சார்ஜர் துளை, யுஎஸ்பி துளை, கீல் இவைதான் முதலில் அரிக்கும். கடற்கரை ஊர்க்காரர் மின்விசிறி இல்லாத மாடலைத் தேடுவது நல்லது. துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள்.

வெயில் வேறு ஒரு பிரச்சினை. பழைய டைரியின் கறுப்பு வெள்ளைத் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிப் படிக்க வைப்பது, ஆகவே வெயில் ஏற ஏறத் தெளிவாகும். பளபளப்பான லேப்டாப் திரையில் நண்பகலில் உங்கள் முகம்தான் தெரியும். வாங்கும் முன் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

மின்சாரம்: டிரிபிள்-ஏ பேட்டரி பேச்சிப்பாறைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். குட்டி லேப்டாப்புக்கு அந்த வசதி இல்லை. யுஎஸ்பி-சி வழியாகப் பவர் டெலிவரி முறையில் சார்ஜ் ஏறும் மாடலாகப் பாருங்கள். அப்போதும் போனுக்கு வாங்கிய சாதாரண பவர் பேங்க் போதாது. லேப்டாப் கேட்கும் வாட்டை அது தருமா என்று அச்சிட்டதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

படி 5: பழைய டைரியிலிருந்து தகவலை வெளியே எடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். புதிய கருவியை வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மாறாமல் போனாலும் நகல் கையில் இருக்கும்.

முதலில் பேட்டரி. பழைய பாம் கருவிகளின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் தகவலைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி மாற்றும்போது ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும். பாம் 5 போல உள்ளேயே சார்ஜ் ஏறும் கருவி முழுவதும் இறங்கிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். கேசியோவில் முதன்மை பேட்டரி, காப்பு பேட்டரி என்று இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. ஒன்றை மாற்றி, கருவி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

பாமை யுஎஸ்பி வழியாக ஹாட்சிங்க் செய்ய, அதாவது கம்ப்யூட்டரோடு ஒத்திசைக்க, 64 பிட் விண்டோஸ் ஒத்துழைக்காது. வீட்டில் மூலையில் கிடக்கும் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் அதில் பாம் டெஸ்க்டாப் போட்டு ஹாட்சிங்க் செய்து, தொடர்புகளை விகார்டு என்ற பொது வடிவக் கோப்பாக எடுக்கலாம். இல்லாவிட்டால் லினக்ஸில் ஜே-பைலட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது பாமுடன் ஒத்திசைத்து, தொடர்புகளை விகார்டாகவும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகவும், நாள் குறிப்புகளை ஐசிஎஸ் என்ற காலண்டர் கோப்பாகவும் தரும். தொடர்புக் கோப்புகளைத் தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளும், நாள் குறிப்புகளைத் தண்டர்பேர்டும் கூகுள் காலண்டரும் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

கேசியோவுக்குக் கம்ப்யூட்டர் இணைப்புக் கம்பி இன்று கிடைப்பது அரிது. உட்கார்ந்து தட்டச்சு செய்வதுதான் வழி. ஒரு விரிதாளில் பெயர், ஊர், போன், குறிப்பு என்று நான்கு பத்தி போடுங்கள். ஆரம்பிக்கும் முன்னால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள், பின்னால் பல மணி நேரம் மிச்சம்.

போன் பத்தியை ‘உரை’ என்று முதலிலேயே அமையுங்கள். இல்லாவிட்டால் நாகர்கோவிலின் 04652, மார்த்தாண்டம் பக்கத்தின் 04651 இரண்டிலும் முன்னால் உள்ள பூஜ்யத்தை விரிதாள் தின்றுவிடும். எஸ்டிடி கோடு இல்லாமல் பதிந்த பழைய லேண்ட்லைன் நம்பர்களுக்கு ஊரைப் பார்த்துக் கோடைச் சேருங்கள்.

தேதியை ஒரே முறையில் எழுதுங்கள். நமக்கு 04/06 என்றால் ஜூன் 4, அமெரிக்க அமைப்பில் இருக்கும் மென்பொருளுக்கு அது ஏப்ரல் 6. நாள் 12க்கு மேல் போனால்தான் தவறு வெளியே தெரியும், அதுவரை பிறந்தநாள்கள் அமைதியாக மாதம் மாறிக் கிடக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமே வராது.

சேமிக்கும்போது எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

படி 6: இனித் தமிழிலேயே எழுதுங்கள்

குட்டி லேப்டாப்புக்கு மாறுவதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பழைய டைரிகளில் ஆங்கில எழுத்தில்தான் தமிழ்ப் பெயரை எழுத முடிந்தது. தாணுமாலயன் என்ற பெயரை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், அடுத்த மாதம் அவரே வேறு விதமாக எழுதுவார், தேடினால் கிடைக்காது. விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது, சில வாரப் பழக்கத்தில் கை ஓடும்.

தொடர்பை எழுதும்போது ஊரை முன்னால் வையுங்கள்: ‘வடசேரி நேசமணி’, ‘கருங்கல் நேசமணி’, ‘திருவட்டாறு நேசமணி’. ஒரே பெயர் ஊருக்கு ஊர் இருக்கும் மாவட்டம் நம்முடையது. ஊரைச் சேர்த்தால் தேடல் சட்டென்று முடியும். கூடவே தொழிலையும் சேர்த்தால் இன்னும் நல்லது: பிளம்பர், சர்வேயர், ஏத்தன் குலை வியாபாரி.

குட்டி லேப்டாப்பின் விசைகள் நெருக்கமாக இருக்கும், ஓரத்து விசைகள் இடம் மாறியும் இருக்கும். வாங்கும் முன் ஒரு பத்தி தமிழில் தட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தமிழ் 99இல் ஓரத்து விசைகளுக்கும் வேலை இருக்கிறது.

படி 7: நம் நாட்காட்டியை உள்ளே ஏற்றுங்கள்

டைரியின் காலண்டரை நகலெடுத்தால் மட்டும் போதாது. பெரிய திரை கிடைத்திருக்கிறது, ஆண்டு முழுவதையும் ஒரே பார்வையில் வைக்கலாம். விசைப்படகு சார்ந்த தொழிலில் இருப்பவர் தடைக்காலம் இரண்டையும் ஆண்டுதோறும் திரும்ப வரும் நிகழ்வாகப் போடுங்கள்: கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் குளச்சல் தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஐஸ் வியாபாரி, வலை பழுதுபார்ப்பவர், மீன் வண்டி ஓட்டுகிறவர் எல்லாருக்கும் இந்த நாட்கள் வேண்டும். டிசம்பர் 3 சவேரியார் திருநாள் தேதி மாறாது, ஒரு முறை போட்டால் போதும்.

நட்சத்திரப் பிறந்தநாள், திதி, மண்டைக்காடு மாசிக் கொடை, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் இவை ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ‘ஆண்டுதோறும்’ என்று போட்டால் அடுத்த வருடமே தவறாகிவிடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி இது, கொல்லம் ஆண்டுக் கணக்கில் நாள் பார்க்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. புதுப் பஞ்சாங்கம் வந்தவுடன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அந்த ஆண்டு நாட்களைத் தனி நிறத்தில் ஏற்றிவிடுங்கள். ரப்பர் பால்வெட்டு ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால் ‘இரண்டு நாளுக்கு ஒருமுறை’ என்று போடலாம், ஆனால் மழை பெய்த நாளுக்குப் பிறகு கையால் நகர்த்த வேண்டியிருக்கும்.

படி 8: எது தாய்ப் பிரதி என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்களின் தாள் இரண்டு பக்கமும் கலந்துதான் வரும்: காலையில் நின்று வேலை, மாலையில் உட்கார்ந்து கணக்கு. அவர்களுக்கு நான் சொல்வது, லேப்டாப் தாய்ப் பிரதியாக இருக்கட்டும், பையில் போனோ பழைய டைரியோ இருக்கட்டும். வெளியே குறித்ததை இரவில் லேப்டாப்பில் ஏற்றுங்கள். திருத்தம் எல்லாம் லேப்டாப்பில் மட்டும். இரண்டிலும் திருத்த ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் எது சரியான நம்பர் என்றே தெரியாமல் போகும்.

போனோடு தானாக ஒத்திசைய வேண்டுமானால் கால்டாவ் என்ற காலண்டர் ஒத்திசைவு முறையை ஏற்கும் கணக்கு ஒன்றில் தண்டர்பேர்டையும் போனையும் இணைக்கலாம். சிக்னல் வந்துபோகும் மலையோரப் பகுதிகளில் இருப்பவர்கள் காலண்டரை லேப்டாப்பிலும் சேமிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இணையமே வேண்டாம் என்றால் வாரம் ஒருமுறை ஐசிஎஸ் கோப்பைப் போனுக்கு நகலெடுத்தாலும் வேலை நடக்கும்.

படி 9: வாங்கும்போது

செகண்ட் ஹேண்ட் சந்தையில் பழைய நெட்புக் மலிவாகக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். வேண்டாம். ஈ பிசியின் முதல் மாடல்களில் இருப்பது 32 பிட் செயலி. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் அதைக் கைவிட்டுவிட்டன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் கருவியா என்று கேளுங்கள்.

குட்டி லேப்டாப்புகள் பலவும் வெளிநாட்டிலிருந்து நேராக வருபவை. பழுதானால் நாகர்கோவிலில் உதிரிப்பாகம் கிடைக்காது. வாரண்டி யார் தருவது, பேட்டரி மாற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நினைவகம் பெரும்பாலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. பழைய கருவி என்றால் அடிப்பக்கத்தை மேசையில் வைத்துப் பாருங்கள், ஆடினால் பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்புண்டு.

படி 10: ஒரு மாதம் பழகிப் பாருங்கள்

முதல் மாதம் பழைய டைரியில் புதிதாக எதுவும் எழுதாதீர்கள், ஆனால் பேட்டரியோடு பக்கத்திலேயே வைத்திருங்கள். அதைத் தேடிக் கை போகும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். மாதக் கடைசியிலும் நின்ற இடத்தில் நம்பர் பார்க்கத்தான் கை போகிறது என்றால், லேப்டாப்பைத் தாய்ப் பிரதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டும் வட்டுக் குறியாக்கமும் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) கட்டாயம். வாடிக்கையாளர்களின் நம்பர்களும் வரவு செலவும் அதில் இருக்கின்றன, வடசேரி பஸ் நிலையத்தில் பை தொலைந்தால் அவர்களுக்கும் பாதிப்பு. வாரம் ஒருமுறை முழு நகலைப் பென் டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் சார்ஜ் ஏற்ற வேண்டிய எந்தக் கருவியையும் நம்ப முடியாது. ஆகவே குடும்பத்தார், டாக்டர், படகுக்காரர், வங்கி என்று கட்டாயம் வேண்டிய நம்பர்களை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு லேப்டாப் பையிலேயே வையுங்கள். நம்பர் எதுவும் மாறினால் அன்றே புதிதாக அச்சிட்டுப் பழையதைக் கிழித்துவிடுங்கள்.